மூன்று சுழி

பள்ளிக்கூட மலரின் படி வந்திருக்கிறது.
பத்தொன்பதாம் பக்கத்தில் 'அனி' என்று விழுந்திருக்கிறது,
இரண்டு சுழியில்.
சிவப்புப் பேனையால் ஒரு சுழி கூட்டுகிறேன்.
நாவலர் வீதி அச்சகத்தில் என் வேலை அதுதான்:
சுழி கூட்டுவது, சுழி குறைப்பது,
கல்வெட்டில் செத்தவர் பிறந்த ஆண்டைச் சரிபார்ப்பது.

இந்த மாதம் மட்டும் அந்தச் சொல்
நாலு தரம் மேசைக்கு வந்துவிட்டது.
கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் பற்றுச்சீட்டில்
அணிகலன்.
ஓய்வுபெற்ற தபாலதிபரின் கவிதைப் புத்தகத்தில்
அணிந்துரை. இரண்டு. இரண்டிலும் ஒரே பந்தி.
தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் எதிரணி,
அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை.
முதலாளி யோகசிகாமணி எடுக்கச் சொன்னார்,
வார்த்தையை, அணியை அல்ல.

எங்களுக்கு அது வேறு.
பன்னிரண்டு பேர் என்பது கணக்கு.
பன்னிரண்டு பேருக்கு இரண்டு வாளி, ஒரு கத்தரிக்கோல்,
நெடுநாளாய் ஒரே ஒரு சீப்பு.
இருட்டில் திரும்பிப் படுக்கும்போது
யாருடைய முழங்கால் முதுகில் இடிக்கும் என்று
தெரிந்திருப்பதற்குப் பெயர் அணி.
கடல்விழிக்கு இருமல்.
செவ்வந்தி நித்திரையில் வாய்ப்பாடு சொல்வாள்,
பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கி எழும்புவாள்.

எல்லாம் கொடுத்த பெயர்கள்.
றெஜினா என்றொரு பிள்ளை இருந்ததோ என்று
குருநகரிலிருந்து ஒரு தாய் வந்து கேட்டபோது
இல்லை என்றேன்.
அவர் படத்தை எடுக்கும்வரைக்கும் இல்லை.

பன்னிரண்டு ஒன்பதானது. அணி என்றார்கள்.
ஒன்பது ஐந்தானது. அப்போதும் அணி.
வோக்கியில் எண்ணிக்கை கேட்பதில்லை,
பெயர் கூப்பிடும், பெயர் பதில் சொல்லும்.

இலக்கணத்தில் ஓர் இடம் எனக்கு இன்றும் பிடிபடவில்லை.
அவள் போனாள். அவர்கள் போனார்கள்.
அணி போனது.
பன்னிரண்டு உயர்திணையைக் கூட்டினால்
விடை அஃறிணை,
ஆடு போல, லொறி போல, மழை போல.
அணி போனது.
அணி வரவில்லை.

பிறகு ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை.
அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.
மொழிபெயர்க்க வந்தவன் என்னிலும் இளையவன்.
'எந்தக் கூட்டம்?' என்றான்.
'அணி' என்றேன்.
தலையைச் சொறிந்தான், சொல் தேடினான்,
கடைசியில் 'டீம்' என்று சொல்லிவைத்தான்.
அதிகாரி அன்றைக்கு முதற்தரம் சிரித்தார்.
கேள்வி திரும்பி வந்தது:
'என்ன விளையாட்டு எண்டு கேக்கிறார், அக்கா.'

படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது.

ஓர் ஆள் மட்டும் மிஞ்சினால் அதற்கு என்ன பெயர் என்று
வேலைக்கு வந்த முதற் கிழமை அகராதியில் பார்த்தேன்.
வரிசை. அழகு. ஆபரணம். படைவகுப்பு. அண்மை.
எத்தனை பேர் என்று போடவில்லை.
அண்மையில் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
யோகசிகாமணி தேத்தண்ணியை வைத்துவிட்டு
மெசினடிக்குப் போனார்.

பத்தொன்பதாம் பக்கம்.
வலைப்பந்து. ஏழு பேர், மேலதிகமாக மூவர்.
படத்தில் ஒருத்தி கண்ணை மூடிவிட்டாள்,
ஒருத்தியின் சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடக்கிறது.
கீழே ஆசிரியை எழுதியிருக்கிறார்:
'எமது அணி சாவகச்சேரிக்குச் சென்றார்கள்.
இரண்டாம் இடம் பெற்றார்கள்.
மாலை ஆறுமணிக்குத் திரும்பி வந்தார்கள்.'

பிழை. மூன்று இடத்தில் பிழை.
பேனையின் மூடியைத் திறந்தேன். மூடினேன்.
ஆறுக்கும் மணிக்கும் நடுவில்
ஓர் இடைவெளி மட்டும் குறித்துவிட்டு
இருபதாம் பக்கத்துக்குப் போனேன்,
தமிழ்மொழித் தினம்.